மனதை மாற்றும் வித்தைக்கு வகுப்பு நடத்தியவர்

1929-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ந் தேதி. ஈஸ்டர் பண்டிகை. நியூயார்க் நகரின் 5-வது அவென்யூ வீதியில் ஒரே கூட்டம்.

மாதா கோவிலில் வழிபாடு முடிந்ததும், புத்தாடை அணிந்து அந்த வீதியில் உலா வருவது நியூயார்க் மக்களின் வழக்கம். பணக்காரர்கள் வருவார்கள். அவர்களைப் பார்க்க மற்றவர்கள் வருவார்கள். எல்லோரையும் படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள்.

அன்று, கூட்டத்தின் நடுவே சில இளம் பெண்கள் நடந்து வந்தார்கள். பார்த்தால் நல்ல குடும்பத்துப் பெண்கள். அவர்கள் கைப்பையைத் திறந்தார்கள். சிகரெட்டை எடுத்தார்கள். நடுத்தெருவில் பற்ற வைத்தார்கள்!

அமெரிக்காவில்கூட அந்தக் காலத்தில் பெண்கள் தெருவில் சிகரெட் பிடிப்பது இல்லை. வீட்டுக்குள் பிடித்தவர்கள் உண்டு. தெருவில் பிடித்தால் கெட்ட பெயர் வரும். ஆகவே கூட்டம் திகைத்தது. பெண்களின் விடுதலைக்காக ஏந்திய தீப்பந்தம் இது என்று அவர்கள் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. மறுநாள், பல ஊர்ப் பத்திரிகைகளில் அந்தச் செய்தி வந்தது.

பெண்கள் தாங்களாகவே துணிந்து செய்த காரியம் என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். யாரும் எந்தச் சிகரெட்டின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் பின்னால் ஒரு சிகரெட் கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனிக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தார்.

அவருக்கு வயது 37. குள்ளமான உருவம். அழகாக வெட்டிவிட்ட மீசை. அவர் பெயர், எட்வர்டு பெர்னேஸ்.

மக்களின் மனதை மாற்றுவது ஒரு தொழில் என்றும், அதைக் கல்லூரியில் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்றும் சொன்னவர் அவர். சொன்னதோடு நிற்கவில்லை. இந்த ஈஸ்டர் ஊர்வலத்துக்கு 6 ஆண்டுகளுக்கு முன்பே, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வகுப்பும் நடத்திவிட்டார்!

பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்

பெர்னேஸ் பிறந்தது ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில். 1891-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி பிறந்தார்.

மனித மனதின் ஆழத்தை ஆராய்ந்த டாக்டர் சிக்மண்ட் பிராய்டின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அவருடைய தங்கைதான் பெர்னேசின் தாயார். பெர்னேசின் தந்தையோ, பிராய்டின் மனைவிக்கு உடன் பிறந்த அண்ணன். நம் ஊர்ப் பக்கத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்பார்களே, அந்தச் சம்பந்தம்! ஆகவே பிராய்டு, பெர்னேசுக்குத் தாய்மாமன். அத்தையின் கணவரும் அவரே.

குழந்தைக்கு ஒரு வயதாகும்போது குடும்பம் அமெரிக்காவுக்குக் குடியேறியது. தந்தை நியூயார்க்கில் தானிய வியாபாரம் செய்தார். மகன் விவசாயம் படிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. பெர்னேசும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1912-ம் ஆண்டு விவசாயப் பட்டம் வாங்கினார். ஆனால் மண்ணிலும் மாட்டிலும் அவருக்கு மனம் செல்லவில்லை. பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு நண்பருடன் சேர்ந்து மருத்துவப் பத்திரிகை நடத்தப் போனார்.

அங்கேதான் அவருடைய வித்தை தொடங்கியது.

மேக நோயைப் பற்றி ஒரு பிரெஞ்சு நாடகம் இருந்தது. கணவனிடம் இருந்து மனைவிக்கும், குழந்தைக்கும் அந்த நோய் எப்படிப் பரவுகிறது என்பதைச் சொல்லும் நாடகம். அந்தப் பேச்சையே வாயில் எடுக்க வெட்கப்பட்ட காலம் அது. அதை மேடை ஏற்ற ஒரு நடிகர் விரும்பினார். நாடகம் ஆபாசம் என்று போலீசார் தடுத்துவிடுவார்களோ என்று பயம்.

பெர்னேஸ் என்ன செய்தார்? நாடகத்தைப் பற்றி விளம்பரம் செய்யவில்லை. மக்கள் ஆரோக்கியத்துக்காக ஒரு சங்கம் அமைத்தார். ஊரில் பெரிய மனிதர்கள் பலரை அதில் சேர்த்தார். கோடீசுவரர் ராக்பெல்லர் குடும்பத்தாரும் ஆதரவு கொடுத்தார்கள். இத்தனை பெரிய மனிதர்கள் ஆதரிக்கும் நாடகத்தை யார் தடுப்பது? 1913-ம் ஆண்டு நாடகம் நடந்தது. கூட்டம் அலைமோதியது.

பொருளைப் பற்றி நாம் பேசக்கூடாது, மக்கள் நம்பும் மனிதர்களைப் பேச வைக்கவேண்டும் என்ற பாடத்தை 21 வயதில் அவர் கற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் அதை மறக்கவில்லை.

யுத்தம் கற்பித்தது

1917-ம் ஆண்டு அமெரிக்கா முதல் மகாயுத்தத்தில் இறங்கியது. யுத்தத்துக்கு மக்களின் ஆதரவைத் திரட்ட, ஜனாதிபதி உட்ரோ வில்சன் ஒரு பிரசாரக் குழுவை அமைத்தார். சுவரொட்டி, சினிமா, மேடைப் பேச்சு, பத்திரிகைச் செய்தி என்று எல்லா வழியிலும் அந்தக் குழு வேலை செய்தது. பெர்னேஸ் அதில் சேர்ந்தார். யுத்தம் முடிந்ததும், பாரீசில் நடந்த சமாதான மாநாட்டுக்கும் போய் வந்தார்.

கொஞ்ச காலத்துக்கு முன்புவரை யுத்தமே வேண்டாம் என்றிருந்த ஒரு தேசம், எப்படி மாறியது என்பதை அவர் கண்ணால் பார்த்தார். யுத்தத்துக்குப் பயன்பட்டது வியாபாரத்துக்குப் பயன்படாதா?

1919-ம் ஆண்டு நியூயார்க்கில் அலுவலகம் திறந்தார். உதவிக்கு டோரிஸ் பிளைஷ்மன் என்ற பெண்ணை அமர்த்தினார். பத்திரிகையில் எழுதிப் பழகியவர் அவர். 1922-ம் ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். டோரிஸ், கணவர் பெயரைத் தன் பெயருடன் சேர்க்க மறுத்தவர். 1925-ம் ஆண்டு கன்னிப் பெயரிலேயே பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டார். தொழிலில் அவர் சரிபாதி. யோசனையில் பாதி, எழுத்தில் பாதிக்கு மேல். ஆனாலும் கட்சிக்காரர்களைச் சந்தித்துப் பேசியது பெரும்பாலும் கணவர்தான். பெண் சொல்லும் யோசனைக்கு முதலாளிகள் மதிப்புக் கொடுக்கமாட்டார்கள் என்பது அந்த நாளைய நிலை. பெண்ணின் விடுதலைக்கு வீதியில் தீப்பந்தம் ஏற்றியவரின் அலுவலகத்தில், மனைவி திரைக்குப் பின்னால்தான் இருந்தார்!

தொழிலுக்கு என்ன பெயர் வைப்பது என்று கணவனும் மனைவியும் யோசித்தார்கள். பிரசாரம் என்ற சொல், யுத்தத்தால் கெட்டுப்போயிருந்தது. விளம்பர ஏஜெண்டு என்றால், நாடகக் கொட்டகைக்கு ஆள் பிடிப்பவர் என்று எண்ணுவார்கள். சட்டத்துக்கு வக்கீல் இருப்பதுபோல, மக்களிடம் பழகுவதற்கு யோசனை சொல்பவர் என்ற பொருளில், மக்கள் தொடர்பு ஆலோசகர் என்று பெயர் வைத்தார்கள். மக்கள் தொடர்பு என்ற சொல் முன்பே புழக்கத்தில் இருந்தது. இன்று நம் ஊர் சினிமாப் பெயர்ப் பட்டியலில்கூட அது ஒரு வரியாக வருகிறது.

வகுப்பு அறையில்

1923-ம் ஆண்டு, பெர்னேசின் வாழ்க்கையில் முக்கியமான ஆண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அவர் பாடம் நடத்தினார். மக்கள் தொடர்பு என்ற பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த முதல் பாடம் அதுதான்.

விவசாயம் படித்தவர், தான் கல்லூரியில் படிக்காத ஒன்றைக் கல்லூரியில் கற்பிக்க வந்தார்! அந்தப் பாடத்துக்கு அதற்கு முன்பு உருப்படியான புத்தகம் கிடையாது. அதையும் அவரே எழுதி, அதே ஆண்டில் வெளியிட்டார். கிறிஸ்டலைசிங் பப்ளிக் ஒப்பீனியன் என்பது புத்தகத்தின் பெயர். கலங்கிக் கிடக்கும் மக்களின் அபிப்பிராயம் எப்படிக் கற்கண்டுபோல் கட்டியாகிறது என்பதைச் சொல்வது.

அந்தப் புத்தகத்தில் ஓர் ஓட்டலின் கதை வருகிறது.

நியூயார்க்கில் பெயர் பெற்ற ஓட்டல் அது. திடீர் என்று வியாபாரம் குறைந்தது. ஓட்டலை மூடப்போகிறார்கள், அந்த இடத்தில் பெரிய கடை வரப்போகிறது என்று ஒரு வதந்தி. முதலாளி என்ன செய்வார்? மூடமாட்டோம், மூடமாட்டோம் என்று பத்திரிகையில் அறிக்கை கொடுப்பார். வதந்தியைக் கேட்காதவர்களும் அதைப் படித்துச் சந்தேகப்படுவார்கள்.

ஆலோசகர் வேறு வழி சொன்னார். அந்த ஓட்டலில் விருந்தினரை வரவேற்று உபசரிக்கும் தலைமை ஊழியர் ஒருவர் இருந்தார். நாடெங்கும் தெரிந்தவர். அவருடைய ஒப்பந்தத்தைப் பல ஆண்டுகளுக்குப் புதுப்பித்து, பெரிய சம்பளமும் கொடுத்து, அந்தச் செய்தியை மட்டும் வெளியிடச் சொன்னார். மூடப்போகிற ஓட்டல், இத்தனை ஆண்டுகளுக்கு இப்படி ஒருவரை அமர்த்துமா? வதந்தி செத்தது.

சொல்லால் மறுக்காதே, செயலால் காட்டு என்பது இதில் உள்ள பாடம்.

இன்னொரு கதை, கூந்தல் வலை. யுத்தத்துக்குப் பிறகு பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொண்டார்கள். கூந்தலுக்குப் போடும் வலை விற்கவில்லை. ஆலோசகர், வலையின் அழகைப் பேசவில்லை. தொழிற்சாலையில் பெண்ணின் முடி எந்திரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். சமையல் அறையில் வேலை செய்பவர்களின் முடி உணவில் விழலாமா என்று கேட்டார். அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள். சில மாநிலங்களில், அந்த வேலைகளைச் செய்பவர்கள் கூந்தல் வலை அணியவேண்டும் என்று விதி வந்தது. வலை விற்றது!

இந்தக் கதையை இரண்டு விதமாகப் பார்க்கலாம். முடி எந்திரத்தில் சிக்காமல் பிழைத்த பெண்கள் இருப்பார்கள். அது நல்லதுதான். ஆனால், விதியை உண்டாக்கிய யோசனை ஒரு வியாபாரியின் பணத்தில் பிறந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. பெர்னேசின் தொழிலில் இந்த இரண்டும் கடைசிவரை சேர்ந்தே வந்தன.

சோப்பும் பன்றி இறைச்சியும்

ஒரு சோப்புக் கம்பெனி அவரிடம் வந்தது. குழந்தைகளுக்கு சோப்பு என்றால் பிடிக்காது. கண்ணில் பட்டால் எரியும் அல்லவா? பெர்னேஸ், சோப்புக் கட்டியில் பொம்மை செதுக்கும் போட்டியைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கத்தியும் சோப்புமாக உட்கார்ந்தார்கள். யானை, குதிரை, வீடு என்று செதுக்கினார்கள். எரிச்சல் ஊட்டிய சோப்பு, விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. 1924-ம் ஆண்டு தொடங்கிய இந்தப் போட்டி பல ஆண்டுகள் நடந்தது.

பன்றி இறைச்சியை உப்புப் போட்டுப் பதப்படுத்தி விற்கும் கம்பெனிக்கு வேறு யோசனை. காலை உணவு லேசாக இருப்பது நல்லதா, வயிறு நிறைய இருப்பது நல்லதா என்று ஆயிரக்கணக்கான டாக்டர்களுக்குக் கடிதம் எழுதச் செய்தார். நிறையச் சாப்பிடுவதே நல்லது என்று பெரும்பாலோர் பதில் போட்டார்கள். அது பத்திரிகைகளில் செய்தியாக வந்தது. இறைச்சியும் முட்டையும் காலை உணவாகப் பரவ அதுவும் ஒரு காரணம். கேட்ட கேள்வியிலேயே பதில் ஒளிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

1924-ம் ஆண்டு தேர்தலுக்கு முன், சிரிக்கவே தெரியாதவர் என்று பெயர் எடுத்த ஜனாதிபதி கூலிட்ஜின் மாளிகைக்கு நடிகர் நடிகைகளை அழைத்துச் சென்று, காலைப் பலகாரம் சாப்பிட வைத்தார். 1929-ம் ஆண்டு அக்டோபரில், எடிசனின் மின்விளக்குக்கு 50-வது ஆண்டு விழா கொண்டாடுவதில் பங்கு கொண்டார். விழாவுக்கு ஜனாதிபதி ஹூவர் வந்தார். கார் மன்னர் போர்டு வந்தார்.

சிகரெட் கம்பெனி முதலாளியின் கதைதான் வேடிக்கை. அதே தொழிலில் ஐவி லீ என்ற இன்னொரு பெரிய நிபுணர் இருந்தார். ராக்பெல்லரின் கெட்ட பெயரை மாற்றப் பாடுபட்டவர். அவரையும் அந்த முதலாளி சம்பளம் கொடுத்து வைத்திருந்தார் என்பது பெர்னேசுக்குப் பிறகுதான் தெரிந்தது. காரணம் கேட்டார். இருவரும் தன்னிடம் இருந்தால், போட்டிக் கம்பெனிக்கு யாரும் கிடைக்கமாட்டார்கள் அல்லவா என்றார் முதலாளி!

ஒன்றை மறக்கக்கூடாது. இந்தக் கதைகளில் பல, பெர்னேசே சொல்லி உலகத்துக்குத் தெரிந்தவை. கூட இருந்தவர்கள் இறந்துபோனார்கள். அவர் 103 வயது வரை இருந்தார். எல்லாவற்றுக்கும் விளம்பரம் செய்தவர், தனக்குச் செய்யாமல் இருப்பாரா? கொஞ்சம் தள்ளுபடி செய்து கேட்பதே நல்லது.

ஜெர்மனியில் ஒரு வாசகர்

1928-ம் ஆண்டு பெர்னேஸ் இன்னொரு புத்தகம் எழுதினார். ஜனநாயக நாட்டில்கூட, கண்ணுக்குத் தெரியாத சிலர்தான் மக்களின் ருசியையும் கருத்தையும் உருவாக்குகிறார்கள். அது நடந்தே தீரவேண்டிய காரியம் என்று அதில் எழுதினார். பலருக்கு அது பிடிக்கவில்லை. மக்களின் மனதில் விஷம் கலப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்று, 1934-ம் ஆண்டு சட்ட மேதை பிராங்க்பர்ட்டர், ஜனாதிபதி ரூஸ்வெல்டுக்கு எழுதிய கடிதத்தில் பெர்னேசையும் ஐவி லீயையும் கண்டித்தார்.

அதற்கு முந்திய ஆண்டு, பெர்னேசின் வீட்டில் ஒரு விருந்து. ஜெர்மனியில் இருந்து திரும்பிய ஒரு பத்திரிகை நிருபர் பேசிக்கொண்டிருந்தார். இட்லரின் பிரசார மந்திரி கோயபல்சின் புத்தக அலமாரியைப் பார்த்ததாகச் சொன்னார். யூதர்களுக்கு எதிரான பிரசாரத்துக்குக் கோயபல்ஸ் பயன்படுத்திய புத்தகங்களில், பெர்னேஸ் 1923-ம் ஆண்டு எழுதிய புத்தகமும் ஒன்று என்றார்.

பெர்னேஸ், யூதர். அந்தப் பேச்சைக் கேட்டு அதிர்ந்துபோனதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். மாணவனின் குணத்தைப் பார்த்துப் பாடம் சொல்ல வாத்தியாரால் முடியும். புத்தகத்தால் முடியுமா?

வாழைப்பழ நாடு

ஆனால், கோயபல்சைச் சொல்லித் தப்பிக்க முடியாத ஒரு காரியம் இருக்கிறது. அதைச் செய்தவர் பெர்னேசேதான்.

மத்திய அமெரிக்காவில் குவாட்டமாலா என்று ஒரு சிறிய நாடு. அங்கே யுனைடெட் புரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனி ராஜ்யம் நடத்தியது. நிலம் அதன் கையில். ரெயில் அதன் கையில். நிலத்தில் பெரும்பகுதி பயிர் செய்யாமல் கிடந்தது. உழுகிறவனுக்கோ காணி நிலம் இல்லை.

ஜேக்கபோ ஆர்பென்ஸ் என்பவர் தேர்தலில் வென்று ஜனாதிபதி ஆனார். 1952-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். தரிசாகக் கிடக்கும் நிலத்தை எடுத்து, ஏழை விவசாயிகளுக்குக் கொடுக்கும் சட்டம். நிலத்துக்குப் பணமும் உண்டு. எவ்வளவு? வரி கட்டும்போது கம்பெனி தன் நிலத்துக்கு என்ன விலை காட்டியதோ, அந்த விலை. முதலில் எடுத்த நிலத்துக்கு அது சுமார் 6 லட்சம் டாலர். கம்பெனிக்காக அமெரிக்க அரசு கேட்டதோ, ஒரு கோடியே 58 லட்சம் டாலர்! வரிக்கு ஒரு விலை, விற்க ஒரு விலை.

பெர்னேஸ் அந்தக் கம்பெனியின் ஆலோசகர். 1952-ம் ஆண்டு ஜனவரியிலேயே அவர் அமெரிக்கப் பத்திரிகை அதிபர்களையும் ஆசிரியர்களையும் கம்பெனி செலவில் குவாட்டமாலாவுக்கு அனுப்பி வைத்தார். கம்பெனி காட்டியதை அவர்கள் பார்த்தார்கள். கம்யூனிஸ்டு ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டது என்ற செய்திகள் அடிக்கடி வந்தன. ரஷ்யாவைக் கண்டு அமெரிக்கா பயந்திருந்த காலம். செய்தி எளிதில் பற்றிக்கொண்டது.

1954-ம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்க உளவு நிறுவனம் திரட்டிய படை குவாட்டமாலாவுக்குள் நுழைந்தது. 27-ந் தேதி ஆர்பென்ஸ் பதவி விலகினார். ஏழைகளுக்குக் கொடுத்த நிலம் பறிக்கப்பட்டது. ராணுவ ஆட்சிகள் வந்தன. 1960 முதல் 1996 வரை உள்நாட்டு யுத்தம். இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்று விசாரணைக் குழு சொன்னது. எல்லாம் ஒரு மனிதரின் வேலை என்று சொல்லமுடியாது. வாஷிங்டனில் அதைவிடப் பெரிய கைகள் இருந்தன. ஆனால், அமெரிக்க வீடுகளின் காலைப் பத்திரிகையில் பயத்தைக் கொண்டுவந்து சேர்த்ததில் பெர்னேசின் கை இருந்தது.

லைசென்சு கேட்ட கிழவர்

பெர்னேசின் வீட்டிலும் சிகரெட் புகைந்தது. டோரிஸ் சிகரெட் பிடிப்பார். அது பெர்னேசுக்குப் பிடிக்காது. மனைவியின் சிகரெட்டைத் தேடி எடுத்து, ஒடித்துப் போடுவாராம்! ஊருக்கு உபதேசம் ஒன்று, வீட்டுக்கு ஒன்று.

1964-ம் ஆண்டு, சிகரெட்டால் புற்றுநோய் வரும் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி அறிக்கை வெளியிட்டார். சிகரெட்டின் தீமை முன்பே தெரிந்திருந்தால் அந்த வேலையை ஏற்றிருக்கமாட்டேன் என்று பெர்னேஸ் எழுதினார். 70 வயதைத் தாண்டிய அவர், புகைப் பழக்கத்துக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்தார். ரேடியோவிலும் டெலிவிஷனிலும் சிகரெட் விளம்பரத்தை நிறுத்த வேண்டும் என்றார். 1971-ம் ஆண்டு ஜனவரியில் அது நின்றது. டோரிஸ் 1980-ம் ஆண்டு காலமானார்.

அவர் தொடங்கிய படிப்பு இதற்குள் வளர்ந்துவிட்டது. 1947-ம் ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழகம் மக்கள் தொடர்புக்குத் தனிக் கல்லூரியே திறந்தது. பிறகு பல நாடுகளிலும் பட்டப் படிப்பு வந்தது. ஆனால் பெர்னேசுக்குத் திருப்தி இல்லை. டாக்டருக்கு லைசென்சு உண்டு, வக்கீலுக்கு உண்டு. மக்களின் மனதைத் தொடும் தொழிலுக்கு மட்டும் ஏன் இல்லை? படிக்காதவனும் நாணயம் இல்லாதவனும் நாளைக்கே பலகை மாட்டிக்கொள்ளலாமே என்று ஓயாமல் கேட்டார். 1992-ம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டசபையில் அதற்கு ஒரு மசோதா வந்தது. 100 வயதில் அதற்காக வாதாடினார். மசோதா நிறைவேறவில்லை. ஒரு தேசத்தின் மனதை எத்தனையோ முறை மாற்றியவரால், சொந்தத் தொழில்காரர்களின் மனதை மாற்ற முடியவில்லை.

1995-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 9-ந் தேதி, மாசசூசெட்சில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பெர்னேஸ் காலமானார்.

வாழ்நாள் முழுவதும் திரைக்குப் பின்னால் வேலை செய்தவர், ஒரு காகிதத்தையும் கிழித்துப் போடவில்லை. கடிதங்கள், கணக்குகள், திட்டங்கள் எல்லாவற்றையும் அமெரிக்க நாடாளுமன்ற நூல் நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார். 800 பெட்டிகளுக்கு மேல்! அவற்றைப் படித்தவர்கள், சிகரெட்டின் தீமையைப் பற்றிய பேச்சு 1964-க்கு வெகு காலம் முன்பே அவர் காதுக்கு எட்டியிருந்தது என்பதையும் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பெட்டிகளில் 1929-ம் ஆண்டு ஈஸ்டர் ஊர்வலத்தின் திட்டமும் இருக்கிறது. வரும் பெண்கள் பார்க்க லட்சணமாக இருக்கவேண்டும்; ஆனால் விளம்பரத்துக்கு வந்த அழகிகள்போல் தெரியக்கூடாது. கூட்டத்தில் ஒருத்தி சிகரெட் பிடிப்பதைக் கண்டு, இன்னொருத்தி தன் பையைத் திறக்க வேண்டும். அவளிடம் சிகரெட் இருக்கவேண்டும், தீப்பெட்டி இருக்கக்கூடாது. முன்னவளிடம் போய் அவள் நெருப்புக் கேட்கவேண்டும். பத்திரிகைக்காரர்களின் படம் சரியாக விழாமல் போனால் என்ன செய்வது? அதற்காக, சொந்தமாக ஒரு போட்டோக்காரரும் தெருவில் நிற்கவேண்டும்.